ஒரு முகவரி போதாது என்று ஆன கதை

மூன்று மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறேன் என்றால், "எதுக்கு சார், ஏதாவது ரகசியமா?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1971-ல் ரே டாம்லின்சன் @ குறியைப் போட்டு ஆர்பாநெட்டில் மடல் அனுப்பியபோது, முகவரி என்பது ஒருவர் வேலை பார்த்த கணினியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மறைக்கவும் அவசியம் இல்லை. எல்லோருடைய முகவரியையும் நம்மூர் டெலிபோன் டைரக்டரி மாதிரி புத்தகமாகவே அச்சடித்துக் கொடுத்தார்கள்.

அந்தப் புத்தகம்தான் வினையானது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துயர்க், அதிலிருந்து சுமார் 400 முகவரிகளைப் பொறுக்கி, தங்கள் புதிய கணினியைப் பார்க்க வரச்சொல்லி ஒரே மடலை எல்லோருக்கும் அனுப்பினார். முகவரிகள் அதற்குரிய இடத்தில் அடங்காமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன! கண்டனம் வந்தது. ஆனாலும் வியாபாரம் நன்றாக நடந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். நோட்டீஸ் ஒட்ட ஓசியில் சுவர் கிடைத்தால் யார் விடுவார்கள்?

1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த ஒரு வக்கீல் தம்பதி கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டியபோது, 'ஸ்பாம்' என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. டின்னில் அடைத்த இறைச்சியின் பெயர் அது. தமிழில் சிலர் 'எரிதம்' என்று எழுதினார்கள். எனக்கென்னவோ 'குப்பை மடல்' போதும்.

இந்தியாவுக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. இணைப்போடு ஒரு முகவரி. அதில் ஊரின் சுருக்கமும் இருக்கும், பம்பாய்க்கு ஒன்று, மெட்ராஸுக்கு ஒன்று என்று. மாற்றல் உத்தரவு வந்தால் வீட்டோடு சேர்த்து மின்னஞ்சலையும் காலி செய்ய வேண்டியதுதான். நம்மைப் போல ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு தொல்லை என்று சொல்லவேண்டியதில்லை.

இதை உடைத்தது ஹாட்மெயில். பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கினார்கள். அந்த யோசனை பிறந்த காரணம்தான் சுவாரசியம். சொந்தத் தொழில் பற்றிப் பேசும் மடல்கள் அலுவலகத்துக்குத் தெரியக்கூடாது என்ற கவலை இருவருக்கும். ஆக, இலவச மின்னஞ்சலுக்கு விதையே அந்தரங்கம்தான். வேலைக்கும் இணைப்புக்கும் கட்டுப்படாத முகவரி, எத்தனை வேண்டுமானாலும் தொடங்கலாம். (குப்பை அனுப்புகிறவர்களும் தொடங்கினார்கள் என்பது வேறு விஷயம்.)

அதன்பிறகுதான் வேலைவாய்ப்புத் தளம், வரன் பார்க்கும் தளம், போட்டிப் பரிசு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்க இரண்டாவது முகவரி வந்தது. காமர்ஸ் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! இது வீண் பயம் இல்லை. ஏ.ஓ.எல். நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே 9 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் முகவரிப் பெயர்களைத் திருடி விற்றதாக 2004-ல் கைதானார். 2005-ல் சிறைத்தண்டனையும் கிடைத்தது.

2004 ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயிலில் இன்னொரு வசதி. உங்கள் பெயருக்குப் பின்னால் பிளஸ் குறி போட்டு, கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தாலும் மடல் உங்களுக்கே வரும். நாளைக்கு அதே முகவரிக்குச் சம்பந்தமில்லாத விளம்பரம் வந்தால் யார் வழியாகக் கசிந்தது என்று தெரிந்துவிடும். பிளஸ்ஸுக்குப் பிறகு உள்ளதை வெட்டிவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. அதனால் முகவரியையே மறைத்து வேறொன்று உண்டாக்கித் தரும் வசதியை 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்தது.

வங்கிக்காரன் என்பதால் ஒன்று சொல்கிறேன். வங்கிக்கென்று ஒரு முகவரி தனியாக வைத்து, அதை வேறு எங்கும் கொடுக்காதீர்கள். "உங்கள் கணக்கு முடக்கப்படும்" என்ற மடல் மற்ற முகவரிக்கு வந்தால், படித்துப் பார்க்காமலே பொய் என்று தெரிந்துவிடும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் ஒன்று தொடங்கிக் கொடுங்கள். மொபைல் நம்பருக்கு இந்த வசதி கிடையாது. துணிக்கடையில் பில் போடுகிறவர் கேட்பதும், ஓ.டி.பி. வருவதும் அதே பத்து இலக்கத்தில்தான்.