நாற்சந்தியில் எதிர்ப்பாட்டு

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயரைத் தமிழில் நாற்சந்தி எனலாம். அலோர் காஜா மாவட்டத்து இந்நகரில் கூடியுள்ள ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஏற்ற பொருளாக ஒரு கலையின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். இரு கட்சியினர் அவைமுன் எதிரெதிராக நின்று, முன்னரே எழுதி வையாத சொல்லால் ஒருவரையொருவர் மடக்கிக் கேட்போரைச் சிரிக்கவைப்பது அக்கலை.

மேலைநாடுகளில் இது ஒரு மேடைப் போட்டியாக வளர்ந்துள்ளது. இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் பணியாற்றிய கீத் ஜான்ஸ்டன், கனடாவின் கால்கரி நகரில் 1977ஆம் ஆண்டு ‘தியேட்டர்ஸ்போர்ட்ஸ்’ என்னும் பெயரில் அதனைத் தொடங்கினார். இரு நடிகர் குழுக்கள் ஒன்றையொன்று அறைகூவி, அந்நேரத்தில் புனைந்த காட்சிகளை நடிக்கும். நடுவர் மதிப்பெண் அட்டையை உயர்த்துவர். மல்யுத்தம் காணும் கூட்டத்தின் ஆரவாரத்தை நாடக அரங்கிற்குக் கொண்டுவர அவர் விரும்பினார். இதனை முற்றிலும் புதியது என நம் மாணவர் கருதக்கூடும். ஆயின் தமிழர்க்கும், மலாக்கா மண்ணுக்கும், இதில் நெடிய பழக்கம் உண்டு.

தமிழ்ப் பாட்டியல் நூல்கள் புலவர்களை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்துகையில், கொடுத்த பொருளில் உடனே பாடும் ஆசுகவியை முதலில் வைக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் காளமேகப் புலவர், திருமலைராயன் பட்டினத்தில் அதிமதுரகவியையும் அவரோடிருந்த அறுபத்து நான்கு புலவரையும் எதிர்கொண்டார் என்பது வழிவழி வந்த கதை. அவர் சிலேடைகளில் நகையும் வசையும் பின்னிக் கிடக்கின்றன. இது அரசவை சார்ந்த மரபு. ஒருவர் தனித்து நின்று வெல்வது. ஊர்ப்பொது இடத்தில், குழுவும் குழுவும் மோதும் வடிவத்திற்கு நாம் லாவணியை நோக்க வேண்டும்.

லாவணி மராட்டியத்திலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855 வரை தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் அது காவிரிப் பகுதியில் வேரூன்றிற்று. மராட்டியத்தில் சக்தியே உயர்வு என்னும் கல்கிக் கட்சியும், சிவனே உயர்வு என்னும் துராக் கட்சியும் பாட்டால் வாதிடும் வழக்கம் இருந்தது. தமிழகம் அந்த வாத வடிவத்தைக் காமன் பண்டிகையோடு இணைத்துக்கொண்டது. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் சாம்பலானான் என்பது எரிந்த கட்சி. அவன் எரியவில்லை என்பது எரியாத கட்சி. காமனை எரித்த தலமாகப் போற்றப்படும் திருக்குறுக்கை மயிலாடுதுறைக்கு அருகில் உள்ளதையும் இங்கு நினைவுகூரலாம்.

இப்பொருளில் வழக்கு எளிதில் முடிவதில்லை. காரணம் கதையிலேயே உள்ளது. இரதியின் வேண்டுதலால் மன்மதன் மீண்டும் உயிர்பெற்றான்; ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். அவனுக்கு அனங்கன், அதாவது உடலிலி, என்றும் பெயர். உடல் இல்லாமற் போனது தீயினால்தானே என்று எரிந்த கட்சி அப்பெயரைச் சான்றாக்க இடமுண்டு. உடலே இல்லாதவனைத் தீ எப்படித் தீண்டும் என்று எரியாத கட்சி அதே பெயரைத் திருப்பி வீசவும் இடமுண்டு. ஒரே சொல் இருவர் கையிலும் ஆயுதமாகிறது. அவையோருக்கு முடிவு தெரிந்த கதைதான். எனினும் அடுத்த விடை எப்படி வரும் என்பதைக் கேட்கவே அவர்கள் விடியும்வரை அமர்ந்திருந்தனர்.

விடை உடனே எப்படிப் பிறக்கிறது? மொழியியலாளனாகிய எனக்கு இவ்வினாவே முதன்மையானது. பாடகர் வெறும் வெளியிலிருந்து சொல்லை வரவழைப்பதில்லை. மெட்டு முன்பே உண்டு. எதுகைக்கான சொற்கள் நாவில் பழகியுள்ளன. புராணச் செய்திகள் நெஞ்சில் அடுக்கப்பட்டுள்ளன. பின்பாட்டுக்காரர் ஈற்றடியைத் திரும்பப் பாடி, டேப்பைத் தட்டும் சில நொடிகள் முன்பாட்டுக்காரர் சிந்திக்கும் நேரமாகின்றன. ஆகவே அங்குக் குழு என்பது அலங்காரம் அன்று. ஒருவர் எண்ணும் வேளையில் மற்றவர் அவரைத் தாங்குகிறார். கால்கரி மேடையிலும், ஒருவர் தொடங்கிய கற்பனையைத் துணைநடிகர் மறுக்காது ஏற்று வளர்ப்பதே முதற்பாடம்.

தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்குச் சென்றனர். இலங்கை மலையகத்தில் காமன் கூத்து அம்மக்களின் அடையாளக் கலையாயிற்று. மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896ஆம் ஆண்டு ரப்பர் நட்டதே மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்குத் தொடக்கம். தோட்டம் பெருகப் பெருகத் தமிழரும் பெருகினர். அவர்கள் வந்து சேர்ந்த மண்ணில் எதிர்ப்பாட்டு முன்னரே ஒலித்துக்கொண்டிருந்தது.

அதுவே டொண்டாங் சாயாங். வயலினும் ரெபானா முழவும் கோங்கும் ஒலிக்க, இரு பாடகர் நான்கடிப் பந்துன்களால் ஒருவர்க்கொருவர் விடை கூறுவர். முதல் ஈரடி ஒரு காட்சியைக் காட்டும். பின் ஈரடி கருத்தைச் சொல்லும். முதலடி மூன்றாமடியோடும், இரண்டாமடி நான்காமடியோடும் இயையும். லாவணியின் பின்பாட்டு தரும் அவகாசத்தை இங்கு இடையிசையும் முதல் ஈரடியும் தருகின்றன. மலாய்க்காரர், பாபா நியோஞ்ஞா, போர்த்துகீசிய வழியினர், செட்டிகள் ஆகிய நான்கு சமூகத்தாரும் இதனைப் பாடுகின்றனர். 2018ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மலாக்கா செட்டிகள் சுல்தானியக் காலத்து வணிகர் வழியினர். காஜா பெராங்கில் வாழ்வோர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. சைவ நெறியையும் சடங்குகளையும் காத்த அவர்களின் வீட்டுமொழி மலாய் ஆயிற்று. அவர்களின் எதிர்ப்பாட்டும் மலாயிலேயே மலர்ந்தது. இதில் குறை கூற ஒன்றுமில்லை. அவர்கள் தம் மொழியில் தேர்ந்த கலைஞர்கள். நமக்கோ இதில் ஒரு படிப்பினை உண்டு. வழிபாட்டில் ஒரு மொழி நெடுநாள் நிற்கும். கேலியும் உடனடி விடையும் அன்றாடம் பேசும் மொழிக்கே உரியவை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், இரவெல்லாம் அமர்ந்து கேட்கும் அவை சிதறிவிட்டது. இன்று பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடக்கிறது. மாணவர் மனப்பாடம் செய்ததைப் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். அதன் பயனை மறுக்கவில்லை. ஆயினும் எதிரில் இருப்பவர் எதிர்பாராத ஒன்றைக் கேட்டால், தமிழில் தொடங்கிய மாணவர் எந்த மொழிக்குத் தாவுகிறார் என்று ஆசிரியர்கள் உற்று நோக்க வேண்டும். தமிழ் எவ்வளவு தூரம் அவர் உடைமையாகியுள்ளது என்பதை அந்த நொடி காட்டிவிடும்.

செய்யத்தக்கது எளிது. மலாய்ப் பாட வேளையில் நம் பிள்ளைகள் பந்துன் கற்கிறார்கள். குழுவாகப் பந்துனால் விடையிறுக்கும் பெர்பாலாஸ் பந்துன் போட்டியையும் அறிவார்கள். தமிழ் வகுப்பில் அவர்களை எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரியுங்கள். தெரிந்த மெட்டு ஒன்றும், தாங்கிப் பாடும் தோழர் இருவரும், வாரம் அரைமணி நேரமும் கொடுங்கள். முதல் வாரங்களில் எதுகை தவறும், விடை தடுமாறும், வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். தமிழில் ஒரு விடையைக் கேட்டு, அதன் நயம் விளங்கிச் சிரிக்கும் அவை அங்கே மீண்டும் உருவாகத் தொடங்கும்.