காலண்டர்ச் சாமிகள்

சிவகாசி அச்சகங்களில் அச்சாகி, காலண்டராகவும் சட்டமிட்ட படமாகவும் தீப்பெட்டி, பட்டாசு உறைகளின் முகப்பாகவும் தமிழகம் தாண்டிப் பரவிய தெய்வ உருவங்கள் காலண்டர்ச் சாமிகள் எனப்படுகின்றன. 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளோடு வளர்ந்த லித்தோ அச்சு, பிறகு காலண்டருக்கும் கைகொடுத்தது. இன்றும் ஆடிப்பெருக்கு அன்று பூசை போட்டு அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி வழக்கம். கடைக்காரர் அதைப் புரட்டி, தம் கடைப் பெயருக்கு மேலே எந்தச் சாமி இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறார்.

இந்த உருவங்களுக்கு அச்சாணியாக இருந்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், நாடகக் குழுவுக்குப் படுதா எழுதி, கோவில்பட்டியில் நிலைகொண்டார். சுப்பையா, ராமலிங்கம் முதலான சீடர்கள் அவர் வழியில் வரைந்தார்கள். 1894இல் அச்சகம் தொடங்கிய ரவிவர்மாவின் தெய்வங்கள் பல சமயம் ஒரு கதைக்காட்சிக்குள் நிற்கும், பார்ப்பவரைக் கவனிப்பதில்லை. கொண்டையராஜு மரபின் தெய்வம் பெரும்பாலும் நேரே நம்மைப் பார்க்கிறது. பின்னால் மலையும் ஆறும் நாடகப் படுதாபோல விரிந்திருக்க, முன்னால் தாமரைமேல் லட்சுமி, இருபுறமும் யானைகள், நெற்றியில் பளிச்சென்ற குங்குமம். கருவறையில் கூட்டத்துக்கு நடுவே ஒரு கணம் கிடைக்கும் தரிசனம், வீட்டுச் சுவரில் நாள் முழுக்கக் கிடைத்தது. கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்த சாதியினருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கலை வரலாற்றாளர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழகத்தில் ஆலயப் பிரவேசச் சட்டமே 1939இல்தான் வந்தது.

அச்சு இப்படித் தெய்வத்துக்கு எல்லோர் வீட்டிலும் ஒரு முகம் கொடுத்தது. ஆனால் தெய்வத்தின் இடத்தை அதனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சாத்தூர் பக்கத்து இருக்கன்குடி மாரியம்மனே சான்று. சாணம் பொறுக்க வந்த ஒரு பெண் கீழே இறக்கிவைத்த கூடையைத் திரும்பத் தூக்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் அம்மன் வெளிப்பட்டாள் என்கிறது தலவரலாறு. கூடை நகர மறுத்த இடமே கோயில். அதனால்தான் வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் அந்த இடத்துக்கு, பூசையறையில் அம்மன் படம் மாட்டியிருப்பவர்களும் ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்து வருகிறார்கள்.

எந்திரப் பிரதி பெருகினால் மூலத்தின் மகிமை தேய்ந்துவிடும் என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் வாதிட்டார். ஓவியங்களைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கலாம். வழிபடும் படத்துக்கு அது பொருந்தாது. பல்லாயிரம் தாள்களில் ஒன்றை ஒருவர் வாங்கி, பொட்டு வைத்து, பூ சாற்றி, சூடம் காட்டியதும் அது அந்த வீட்டுச் சாமியாகிவிடுகிறது. சீனத்தில் அடுப்படித் தெய்வத்தின் தாளுருவை ஆண்டு முடிவில் எரித்து, தெய்வத்தை வானுலகுக்கு வழியனுப்பிவிட்டுப் புதுத்தாள் ஒட்டுவார்கள். நம்மிடம் அப்படியொரு சடங்கு இல்லை. ஆண்டு முடிந்த அம்மன் படத்தைக் குப்பையில் போட மனம் வராமல் கத்தரித்துச் சட்டமிடுகிறோம், அல்லது கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறோம். லட்சுமி படம் போட்ட வெடி வெடித்து, அந்தத் தாள் காலில் மிதிபடுவதைப் பார்த்துப் பலர் மனம் நோவதற்கும் இதுவே காரணம். தேதி கிழிந்தாலும் சாமி சாமிதான்.

அச்சு எல்லா ஊர்ச்சாமிகளையும் ஒரே சாயலாக்கி, பெருந்தெய்வங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டது என்பது பெஞ்சமினின் வாதத்தைவிட வலுவான மறுப்பு. இதில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பல ஊர்களில் வெறும் பீடமும் அரிவாளுமாக நின்ற கருப்பசாமிக்குத் தாளில் முறுக்கு மீசையும் வெள்ளைக் குதிரையும் வந்தன. பிறகு கட்டிய சிமெண்ட் சிலைகள் சில அந்தத் தாளையே பார்த்து எழுந்தவை. ஆனால் குலதெய்வ வழிபாட்டின் உயிர் உருவத்தில் இல்லை. பிழைக்கப் போன ஊரில் புதுக்கோயில் எழுப்புபவர்கள் தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போகிறார்கள். எவ்வளவு நேர்த்தியான படமும் அந்த ஒரு பிடி மண்ணுக்கு ஈடாகாது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் அக்னிச்சட்டி ஏந்துபவரின் கை சுமப்பதும் நெருப்பைத்தான். சாமியாடி மேல் அருள் இறங்கி அவர் குறி சொல்லும்போது, சாமி இன்ன சாயலில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

எந்தச் சாமி எந்த ஆண்டு குதிரை ஏறியது, எப்போது மீசை வைத்தது என்பதைச் சொல்லக் காலண்டரைவிட நல்ல ஆவணம் கிடையாது. தன் ஆண்டைத் தானே நெற்றியில் எழுதிக்கொண்டு வருவது அது. விற்பனை முடிந்ததும் பழைய காகிதத்தோடு போய்விடுகிற அந்த ஆல்பங்களை, விருதுநகர் அரசு அருங்காட்சியகம் சிவகாசி அச்சகத்தாரிடம் கேட்டு வாங்கி ஆண்டுவாரியாகச் சேர்த்துவைக்க வேண்டும்.