கொழும்பில் அல்சேஷன்

கொழும்பு வீடுகளில் அல்சேஷன் எனப்படும் நாய் தொடக்கத்தில் காவல் நாயன்று, ஆடு மேய்த்த நாய். ஜெர்மனியில் 1899இல் மாக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஹோரண்ட் என்ற நாயை முதலாவதாகப் பதிந்து இந்த இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார். வேலியில்லாத மேய்ச்சல் நிலத்தில் பயிரின் ஓரமாக நாள் முழுதும் ஓடி, எல்லை தாண்டும் ஆட்டை மறிப்பதே அதன் வேலை. முதலாம் உலகப் போரில் அது படைக்குப் போனது. போருக்குப் பின் ஜெர்மனியின் பெயரைத் தவிர்க்க விரும்பிய பிரித்தானியர் வைத்த பெயரே அல்சேஷன்.

இலங்கைப் பொலிஸ் திணைக்களம் 1948இல் மோப்ப நாய்ப் பிரிவைத் தொடங்கியது. அதன் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் உள்ளது. பொலிஸ் நாய் என்ற மதிப்பு வீட்டு நாய்க்கும் ஒட்டிக்கொண்டது. மதிலும் முற்றமும் உள்ள வீட்டுக்கு அல்சேஷன் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. அது மேய்ப்பு நாய் என்பதோ மறந்துபோயிற்று.

கொழும்பின் அல்சேஷன்கள் குரைப்பதன் காரணம் அந்த மறதியில்தான் இருக்கிறது. இரையைக் கண்டதும் வெறித்துப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்பது ஓநாயின் வழி. மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்து, முன்பகுதிகளை வளர்த்து, கொல்வதை அடக்கினார்கள். அசையும் எதையும் மறிக்கத் துடிக்கும் நாய் அப்படி உருவானது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஆடுகள் இல்லை, ஓட்டோக்கள் உண்டு. கம்பிக் கேட்டுக்குப் பின்னால் நிற்கும் நாய் முதலில் வாயை மூடும், காதை முன்னே நிமிர்த்தும், உடலை விறைப்பாக்கும். அடுத்த கணம் பாய்ந்து குரைக்கும். ஓட்டோ தன் வழியே போய்விடும். தான் குரைத்ததால்தான் அது போனது என்று நாய் கற்றுக்கொள்கிறது, ஒரு நாளைக்குப் பலமுறை.

நகர நிர்வாகம் நாயை நெடுங்காலம் வேறு கண்ணால் பார்த்தது. விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901இலும் வந்தன. கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே பல தசாப்தங்களாக வழக்கமாக இருந்தது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது: 1973இல் மட்டும் நாடு முழுவதும் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர். தடுப்பூசி பரவியபின் 2012இல் அது 38ஆகக் குறைந்தது. கொல்வதை நிறுத்தும் கொள்கை 2006இல் வந்தது; கருத்தடையும் தடுப்பூசியும் அதன் இடத்தைப் பிடித்தன. இது நல்ல மாற்றம், வரவேண்டிய மாற்றம். ஆனால் கடிக்குமோ, நோய் பரப்புமோ என்பதே கேள்வியாக இருந்த நகரில், நாய் ஏன் பாய்கிறது என்று கேட்க இடம் குறைவு. பாயும் நாயைச் சங்கிலியில் கட்டினார்கள். கட்டிய நாய்க்கு விலகிப்போக வழியில்லை, ஆகவே இன்னும் கடுமையாகப் பாய்ந்தது.

பயிற்சி முறையும் மாறியது. ஜெர்மன் பொலிஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய நூல் இழுப்பையும் தண்டனையையும் பெரிதும் நம்பியது. இன்று மிருக நடத்தை வல்லுநர்கள் அதை ஏற்பதில்லை. குரைத்ததற்கு அடிவாங்கிய நாய் எதிரே வருபவரையும் அடியையும் சேர்த்தே நினைவில் வைக்கிறது. மாறாக, ஓட்டோ தொலைவில் தெரிந்தும் உடல் விறைக்காத தூரத்தில் நாயை நிறுத்தி, கண்டவுடனே இறைச்சித் துண்டு கொடுத்து, நாட்கணக்கில் அத்தூரத்தைக் குறைப்பதே முறை. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களில் அந்தத் தூரம் கிடைப்பதே சிரமம். அங்கு விடியற்காலை நடையே வழி, தடித்த உரோமத்துக்கும் அந்நேரமே உகந்தது. கம்பிக் கேட்டைத் தகரத்தால் மறைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். உணவை ஒளித்துவைத்துத் தேடவிடுவது மேய்ப்பு நாய்க்கு வேலை தரும். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் வெடி தொடங்குமுன் உள்ளறையில் விடவேண்டும். திடீரென்று சீறத் தொடங்கினால் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். இந்த இனத்தில் இடுப்பு மூட்டு நோய் சாதாரணம், வலியும் சீறவைக்கும்.

வெள்ளவத்தையின் பழைய முற்றத்து வீடுகள் பல இன்று அடுக்குமாடிகள். தினமும் இரண்டு நடையும் ஒரு வேலையும் கொடுக்க முடியாதவர்கள் அங்கே அல்சேஷன் குட்டி வாங்காமலிருப்பதே நல்லது.