புகையில்லாத காருக்குப் புகைக் காவலன்

பழைய நிஸான் லீஃப் மின்கார் வாங்குபவர் முதலில் கேட்பது: "பேட்டரியில் உயிர் எவ்வளவு மிச்சம்?" லீஃப்ஸ்பை செயலி அதை செல்போனில் காட்டும். நடுவே ஓர் அடாப்டர் வேண்டும். அதைச் செருகும் ஓபிடி-2 இணைப்பு, அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. எதற்கு? புகையைக் கண்காணிக்க! 2010-இல் வந்த, புகையே விடாத லீஃபிலும் அது இருந்தது.

அடாப்டருக்குள் இருப்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய ஈஎல்எம்327 சில்லு. அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு போடவில்லை, போலிகள் குவிந்தன. '2.1' என்று பெயர் போட்ட பல போலிகளுக்குச் சில கட்டளைகள் புரியாது. 2022-இல் எல்ம் மூடப்பட்டது, போலிகள் வாழ்கின்றன!

வணிகவியல் மாணவன் கணக்கு இதுதான் நண்பர்களே: காரிலேயே விலை அதிகமான பொருள் பேட்டரி. அதை எடைபோடும் தராசில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். செயலியை எழுதியவர் பரிந்துரைக்கும் அடாப்டரையே வாங்குங்கள்.