பின்னால் பிடித்து ஓடியவர்கள்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் பிரயாணம் செய்கிறவர் கண்ணில் படுவதெல்லாம் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று பெரும் யந்திரங்களைப் பிறப்பிக்கும் ஆலைகளே. அந்தக் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் சைக்கிளை நினைப்பார் அரியர். ஆயினும் 2013-இல் ஒரகடத்தில் ஆலை திறந்த ராயல் என்ஃபீல்டின் பூர்வ சரித்திரத்தை விசாரித்தால், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சைக்கிள் செய்து விற்ற கம்பெனியாகவே அது பிறந்து, 1901-இல் மோட்டார் வண்டிக்கு முன்னேறி, 1955-இல் திருவொற்றியூரில் காலூன்றிய கதை தெரியவரும். அம்பத்தூரிலோ, முருகப்பா குடும்பத்தார் பிரிட்டிஷ் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு கூடி 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸை ஸ்தாபித்தபின், ஹெர்குலிஸ் வண்டிகள் நம் மண்ணிலேயே உருவாகிக் கிராமங்களை எட்டின.

வண்டி ஆலையிலிருந்து வந்தது. ஓட்டும் வித்தை ஆளிடமிருந்து ஆளுக்கு வந்தது. ஊருக்கு ஊர் இருந்த வாடகை சைக்கிள் கடையில் நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டு கடைக்காரர் தள்ளிவிடும் வண்டியை, கையிலிருந்த சில்லறையைச் சேர்த்துப்போட்டு இரு சிநேகிதர்களாக எடுத்துப் போவதும், உயரம் போதாதவன் பாருக்கடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடிக்க, மற்றவன் கேரியரைப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடிவருவதும், பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே அவன் எப்போதோ கையை விட்டுவிடுவதும் தமிழ்நாட்டில் தலைமுறைகளாக நடந்த வித்தியாரம்பம். அப்படிக் கற்றுக்கொடுத்தவனே பிறகு சந்தைக்கும் சினிமாவுக்கும் கூட வரும் துணையானான். சைக்கிளால் கூடிய சிநேகம் எளிதில் அறுவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் இந்தச் சிநேகம் வெகுகாலம் ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. அந்த வழக்கத்தை ஒரு ஜில்லா முழுவதும் மாற்றிக்காட்டிய பெருமை புதுக்கோட்டையைச் சேரும். 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பாடமாக்கினார்; பெண்களுக்கு வண்டி வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளை வற்புறுத்தினார். கல் குவாரித் தொழிலாளிகளும், அங்கன்வாடிப் பணியாளர்களும், கிராம சுகாதாரச் செவிலியரும், பள்ளி ஆசிரியைகளும் வண்டியேறினார்கள். நேற்றுக் கற்றவள் இன்று மற்றொருத்திக்குப் பின்னால் ஓடினாள். கேலி பேசிய ஆண்கள் இல்லாமலில்லை. ஆயினும் கற்றுக்கொள்ள வந்த கூட்டம் குறையவில்லை.

இதை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஏற்றுக்கொண்ட பெண்கள், பின்னர் அதன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே அதை விரும்பியதையும் பதிவு செய்திருக்கிறார். இந்த விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். பஸ்ஸுக்காகக் காத்திருந்தும், பஸ் நிற்குமிடத்துக்கே வெகுதூரம் நடந்தும், தகப்பனையோ கணவனையோ புருஷப்பிள்ளையையோ நம்பியும் நாளைக் கழித்தவள், குழந்தையை முன்னேயும் விற்பனைச் சாமானைப் பின்னேயும் வைத்துக்கொண்டு தன் நேரத்துக்குத் தானே அதிபதியாய்ப் புறப்பட்டாள். 1992-ஆம் ஆண்டு சர்வதேச மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் ஊர்வலமாகச் சைக்கிளில் சென்றார்கள்.

2001-க்குப் பின் தமிழக அரசு பள்ளி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்கு, பின்னர் மற்றவர்களுக்கும். அந்த வண்டியில் தோழியரோடு பள்ளிக்குப் போனவர்கள் பலர் இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்கிறவர்களாக இருப்பார்கள். பல ஜில்லாக்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்ட்டுக்குப் போய்க் கம்பெனி பஸ்ஸிலேயே திரும்பும் அவர்களுக்கு, தாமே ஏறிப் போகும் வண்டி ஒன்றும் இங்கே வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் சில சைக்கிள்களை நிறுத்துவதும், லாரிகள் தீண்டாதபடி சாலையோரத்தில் தனிப் பாதை ஒதுக்குவதும் இத்தனை செல்வம் விளையும் பிரதேசத்துக்குப் பெரிய செலவாகாது. கூடவே ஒரு மைதானமும் வேண்டும். ஓட்டத் தெரியாத அறைத்தோழி ஒருத்தி எந்த விடுதியிலும் இருப்பாள்.