ஊழியத்தில் கிறிஸ்துமஸ்

‘மார்மன்’ சபை என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, தன் இளைஞர்களையும் இளம்பெண்களையும் உலகெங்கும் ஊழியத்துக்கு அனுப்புகிறது. ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது, செலவைத் தங்கள் சேமிப்பிலிருந்தும் குடும்பத்தாரின் உதவியிலிருந்தும் பார்த்துக்கொள்கிறார்கள். இடையில் விடுப்பெடுத்து ஊருக்குப் போகும் வழக்கமும் இல்லை. இதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறிஸ்துமஸோ இரண்டோ அயலாரின் ஊரில்தான் கழியும். அந்நாள்களின் வழக்கங்கள் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளில் உருவானவை.

தோற்றம்

1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் சபை தொடங்கிய சில மாதங்களிலேயே, நிறுவனர் ஜோசப் ஸ்மித்தின் தம்பி சாமுவேல் ஸ்மித் பிரசங்கத்துக்காகப் பயணம் கிளம்பினார். தொடக்க கால ஊழியர்களில் பலர் குடும்பஸ்தர்கள். மனைவி மக்களை விட்டு, கையில் பணமில்லாமல், வழியில் கிடைக்கும் உணவையும் திண்ணையையும் நம்பிப் போனார்கள்.

1837 ஜூலையில் ஹீபர் கிம்பல் தலைமையில் ஒரு குழு இங்கிலாந்தில் இறங்கியது. அம்மாதம் 30ஆம் நாள் பிரஸ்டன் நகரின் ரிப்பிள் ஆற்றில் முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், ஒரு காலத்தில் சேவல் சண்டை நடந்த பழைய அரங்கில் அவர்கள் மாநாடு கூட்டினார்கள். அமெரிக்க ஊழியர்களுக்கு அது பண்டிகை நாளைத் தியாகம் செய்ததாகத் தோன்றியிருக்காது. சபையின் முதல் தலைமுறையில் பலர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியின் மரபில் வந்தவர்கள். அங்கே பியூரிட்டன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பழக்கத்தால் கிறிஸ்துமஸ் பெரிய பண்டிகையாக இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் அதைப் பொது விடுமுறையாக்கியதே 1856இல்தான். கிறிஸ்துமஸைக் குடும்பத்தோடு கொண்டாடும் நாளாக அமெரிக்கா ஏற்ற பிறகே, ஊழியருக்கும் அந்நாளில் வீட்டு ஏக்கம் கூடியது.

இளையோரின் வருகை

1854இல் நிறுவனரின் அண்ணன் மகன் ஜோசப் எஃப். ஸ்மித் ஹவாய்த் தீவுகளுக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு 15 வயது. தந்தை கொல்லப்பட்டிருந்தார், தாயும் இறந்துவிட்டார். 1854, 1855, 1856 ஆகிய மூன்று கிறிஸ்துமஸ்களும் அவருக்கு ஹவாயில் கழிந்தன. நோயுற்ற நாள்களில் மா மஹுஹீ என்ற ஹவாய்ப் பெண்மணி அவரைத் தம் பிள்ளைபோல் கவனித்துக்கொண்டார். பின்னாளில் சபையின் தலைவரான அவர், அந்தப் பெண்மணியைத் தம் தாய் என்றே போற்றினார்.

1901இல் யோக்கஹாமாவில் இறங்கிய முதல் ஜப்பான் குழுவில் 19 வயது அல்மா டெய்லரும் இருந்தார். 1910 வரை அங்கேயே தங்கி, சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். தன் இருபதுகளின் கிறிஸ்துமஸ்களை, அந்நாளைக் கொண்டாடும் மரபே இல்லாத ஒரு நாட்டில் கழித்தவர் அவர்.

திருமணமாகாத பெண்களுக்கு ஊழியத்தின் கதவு 1898இல் திறந்தது. ஐனஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் இருவரும் இங்கிலாந்து சென்றனர். ஆண்களின் குறைந்தபட்ச வயது 1960இல் 19 ஆனது. 2012 அக்டோபரில் ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 19 என்று குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவில் சுமார் 59,000 ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை அடுத்த ஆண்டு முடிவில் 83,000ஐத் தாண்டியது. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வருபவர்கள் பெருகியதால், வீட்டை விட்டு முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் காண்பவர்களும் பெருகினார்கள்.

அன்றாட ஒழுங்கு

காலை 6.30 மணிக்கு எழுவதும் இரவு 10.30க்குப் படுப்பதும் நீண்டகால மரபு. காலையில் வேதவாசிப்பு, மொழிப் பயிற்சி. பிறகு வீடு வீடாகவும் தெருவிலும் சந்திப்புகள். ஊழியர்கள் எப்போதும் இருவர் இருவராகவே இயங்குவார்கள். அந்த இணையைச் சபையே அமைக்கும், சில மாதங்களில் மாற்றவும் செய்யும். எனவே கிறிஸ்துமஸ் காலையில் உடனிருப்பவர் சில வாரங்களுக்கு முன்புதான் அறிமுகமானவராகவும், வேறு தாய்மொழிக்காரராகவும் இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் ‘ஆயத்த நாள்’: துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்கு எழுத.

பண்டிகை நாள்கள்

டிசம்பரில் கதவு தட்டும் வேலை குறைகிறது. முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பாடும் வேலை கூடுகிறது. ஒரு வட்டாரத்து ஊழியர்கள் கூடி உண்பார்கள். வீட்டிலிருந்து வந்த பொட்டலங்கள் அப்போது பலருக்குக் கையில் கிடைக்கும். மற்றபடி அந்தந்த நாடுதான் பண்டிகையின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16 முதலே கத்தோலிக்கர்கள் விடியற்காலைப் பூசைக்குத் திரள்கிறார்கள். பிரேசிலில் கோடை வெயில். 24ஆம் தேதி இரவு வெகுநேரம் கழித்தே குடும்ப விருந்து. ஜப்பானில் 25ஆம் தேதி வழக்கமான வேலை நாள். பொரித்த கோழியும் ஸ்ட்ராபெரி கேக்கும் வாங்கும் ஜனங்களுக்கிடையே ஊழியர்கள் அந்நாளின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

2016 முதல் ‘உலகுக்கு ஒளியேற்றுவோம்’ என்ற பொருளில் சபை நடத்திவரும் இயக்கம், டிசம்பரில் பிறருக்கு உதவும்படி உறுப்பினர்களை அழைக்கிறது. 2017 முதல் நிறுவப்படும் நன்கொடை இயந்திரங்களின் வழியே போர்வை, உணவு, ஆடு, கோழி போன்றவற்றை ஏழைகளுக்கு வாங்கித் தரலாம்.

கடிதமும் அழைப்பும்

கப்பல் அஞ்சலை நம்பிய காலத்தில் வாழ்த்து வந்து சேரப் பண்டிகை கடந்துவிடும். தொலைபேசி பரவிய பின்பும் வீட்டோடு பேச ஆண்டுக்கு இரண்டே நாள்கள்: கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். கவனம் ஊழியத்திலேயே நிலைக்க வேண்டும் என்பது காரணம். ஆனால் ஒரு சில நிமிடக் குரலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த தாய்மாருக்கு அது பெரும் சுமைதான். 2019 பிப்ரவரியில் சபை இவ்விதியைத் தளர்த்தி, ஆயத்த நாள்தோறும் வீட்டோடு பேசலாம், காணொளியில் பார்க்கலாம் என்று அறிவித்தது. மனநலத்தையும் குடும்பப் பிணைப்பையும் மதித்த இம்மாற்றம் காலம் தாழ்ந்தாலும் நியாயமானது. மறு ஆண்டு பெருந்தொற்றில் பலர் தாய்நாடு திரும்பிச் சேவையைத் தொடர்ந்தபோது, 2020 கிறிஸ்துமஸ் கூடுகைகளில் பெரும்பகுதி திரையிலேயே நடந்தது.

உள்ளூர்க் குடும்பங்களின் பங்கு

இவ்வரலாற்றில் மாறாமல் தொடர்வது விருந்தோம்பல். சபைத் தலைமை ஊழியரை அனுப்புகிறது, விதிகளை வகுக்கிறது. பண்டிகை நாளில் அவருக்கு இலை போடுவது உள்ளூர் வீடு. மா மஹுஹீ தொடங்கி மணிலாவிலும் சாவோ பாவ்லோவிலும் தங்கள் சிறிய மேசைக்கு இரண்டு இருக்கைகள் கூட்டும் குடும்பங்கள் வரை, இந்த வழக்கத்தைத் தாங்கி நிற்பவர்களின் பெயர்கள் பெரும்பாலும் ஏடுகளில் இல்லை. ஊழிய வரலாற்றை எழுதுவோர் அனுப்பப்பட்டவர்களுக்குத் தரும் இடத்தை, அவர்களை ஏற்றுக்கொண்ட இவர்களுக்கும் தர வேண்டும்.