ஓசையும் வலிமையும்: மோட்டார் வண்டி அடக்கம் பயின்ற வரலாறு



ஓசையை அடக்கினால் இயந்திரத்தின் வலிமை குன்றிவிடும் என்பது மோட்டார் வண்டி தோன்றிய நாள்தொட்டு நிலவிவரும் ஒரு நம்பிக்கை. பாரம் ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருப்போரிடையே இந்நம்பிக்கை இன்றும் வேரூன்றியுள்ளது. மேட்டில் வண்டி திணறினால் சைலன்சர் என்னும் ஓசையடக்கியைக் கழற்றி எறிய எண்ணுவோர் பலர். அவ்வண்டி விடியுமுன் தெருவழியே செல்லும்போது ஊர் முழுவதும் விழித்துக்கொள்கிறது. வண்டிக்காரனின் பிழைப்பும் அயலாரின் உறக்கமும் ஒன்றோடொன்று ஒவ்வாதனவா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை இன்று ஆராய்வோம்.

முதலில், இவ்வோசை எங்கிருந்து பிறக்கின்றது? உருளையினுள் எரிந்த வாயு தன் வேலையை முடித்த பின்னரும், வெளியிலுள்ள காற்றைவிடப் பன்மடங்கு அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும். வெளியேற்றும் வால்வு திறந்ததும் அது வெடித்துக்கொண்டு புறப்படும். நான்கு உருளைகளையுடைய சாதாரண இயந்திரமொன்று நிமிடத்துக்கு 3000 முறை சுழலுமாயின், ஒரு வினாடியில் 100 தடவை இவ்வெடிப்பு நிகழும். அந்தத் துடிப்புகளின் தொடரே நம் செவியில் உறுமலாக விழுகின்றது.

இதனை அடக்கும் முயற்சி மோட்டார் வண்டியின் மழலைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகரில் மில்டன் றீவ்ஸ் என்பவரும் அவருடைய சகோதரரும் 1897 இல் ஓசையடக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். எனினும், அக்காலத்து ஓசையடக்கிகள் பல, தடுப்புத் தகடுகள் நிறைந்த சிறு பெட்டிகளே. புகை திரும்பித் திரும்பி, நெருங்கி இடித்துக்கொண்டே வெளியேற வேண்டியிருந்தது. அதனால் பின்னழுத்தம் ஏற்பட்டது. பழைய புகையை வெளியே தள்ளுவதற்கே பிஸ்டன் தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிட்டது; எஞ்சிநின்ற புகை புதிய எரிபொருட் கலவைக்கு இடமில்லாமற் செய்தது. வலிமை குன்றும் என்ற நம்பிக்கை அன்று பொய்யன்று.

ஆகவே, வண்டிக்காரர் ஒரு குறுக்குவழி கண்டனர். ஓசையடக்கிக்கு முன்னே புகைக்குழாயில் ஒரு கதவை அமைத்து, காலால் மிதித்ததும் அது திறக்கும்படி செய்தனர். மேட்டில் ஏறுவதற்கென வந்த இக்கதவு நாளடைவில் நகரத் தெருக்களில் ஆரவாரஞ் செய்வதற்கே பயன்படலாயிற்று. பல நகரங்கள் சட்டமியற்றி அதனைத் தடைசெய்தன.

இந்த வரலாற்றில் வானொலி நேயர்கள் நினைவிற்கொள்ளத்தக்க ஒருவர் ஹைரம் பேர்சி மக்சிம். இயந்திரத் துப்பாக்கியைப் படைத்த ஹைரம் மக்சிமின் மைந்தர் இவர். தந்தை முழங்கும் கருவியைத் தந்தார். மைந்தரோ 1909 இல் துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டித் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான இவரது நிறுவனம் பின்னர் இயந்திரங்களுக்கான ஓசையடக்கிகளையும் செய்தது. 1914 இல் அமெரிக்க வானொலி ஆர்வலர்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்தவரும் இவரே.

ஓசைக்கும் வலிமைக்கும் இடையிலான வழக்கு மிகக் கடுமையாக நடந்த களம் இங்கிலாந்தில் இருந்தது. சறே மாகாணத்தில் வேய்பிறிட்ஜ் என்னும் ஊரருகே ஹியூ லொக் கிங் என்ற செல்வர் தமது நிலத்தில் புறூக்லன்ட்ஸ் என்னும் மோட்டார்ப் பந்தயத் திடலை அமைத்தார். அது 1907 இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே எட்ஜ் என்பவர் 24 மணி நேரம் இடைவிடாது அங்கே வண்டியோட்டிச் சாதனை புரிந்தார். அயலார் உறக்கமிழந்தனர். இரவோட்டம் நிறுத்தப்பட்டது. ஆயினும் பகலிலும் முழக்கம் ஓயவில்லை, மனக்கசப்பு வளர்ந்தது, வழக்குகள் எழுந்தன. ஈற்றில், 1920 களின் நடுப்பகுதியில், திடலில் ஓடும் வண்டி ஒவ்வொன்றும் விதிப்படி அமைந்த ஓசையடக்கியைப் பூணவேண்டும் என்று கட்டளை பிறந்தது. புகை விரிவதற்கு ஓர் அகன்ற கலம், அதன் முடிவில் மீன்வாலைப் போல் தட்டையாக விரிந்த வாய். இதுவே அதன் வடிவம்.

வேகத்துக்கு இது முடிவாயிற்றா? 1935 அக்டோபர் மாதத்தில், ஜோன் கொப் என்பவர் ஏறத்தாழ 24 லீற்றர் கொள்ளளவுள்ள நேப்பியர் விமான இயந்திரம் பூட்டிய வண்டியில், அந்த மீன்வாற் குழாய்களுடனேயே, மணிக்கு 143.44 மைல் வேகத்தில் திடலைச் சுற்றிவந்தார். 1939 இல் போரினால் திடல் மூடப்பட்டது. பந்தயம் அங்கு மீளவில்லை. அவரது சாதனையும் முறியடிக்கப்படவில்லை. ஓசையடக்கிதான் வேகத்தைத் தந்தது என்று இதனாற் கூறிவிட இயலாது. ஆனால், போதிய இடம் கொடுத்து அமைத்த ஓசையடக்கி முன்னேற்றத்துக்குத் தடையாக நிற்கவில்லை என்பது தெளிவு.

இதன் காரணத்தை விஞ்ஞானிகள் விளக்கினர். ஒலியலை வேறு, புகையின் ஓட்டம் வேறு. வாய்க்காலில் நீரும் ஓடும், நீர்மேல் அலையும் ஓடும். வாய்க்கால் நடுவே ஓர் அகன்ற குளம் இருந்தால் அலை அங்கே தணியும். நீரோ தடையின்றி மறுபுறம் செல்லும். வாய்க்காலை மண்ணால் அடைத்தால் அலையும் நிற்கும், நீரும் நிற்கும். பழைய பெட்டிகள் செய்தது இரண்டாவது வேலை. 1922 இல் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்ருவேட், ஒலியலைகளை வடிகட்டும் குழாய் அமைப்புகளுக்குக் கணிதம் வகுத்தார். 1954 இல் அமெரிக்காவின் தேசிய விமானவியல் ஆலோசனைச் சபை, 77 ஓசையடக்கிகளின் சோதனை முடிவுகளைத் தாங்கிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அகன்ற அறை, பக்கவாட்டில் அமைந்த ஒத்ததிர்வு அறை, ஒரு முனை மூடிய கிளைக்குழாய் ஆகியன எவ்வெச் சுருதிகளை எவ்வளவு தணிக்கும் என்பதைக் கணக்கிட வழி பிறந்தது. இவற்றுள் பக்க அறையும் கிளைக்குழாயும் புகையின் நேர்வழியை மறிப்பதேயில்லை.

பிக்கப் வண்டிக்காரர் இவ்வறிவைப் பயன்படுத்துவது எளிது. முதலாவது, குழாய் இணைப்புகளிற் கசிவு இருந்தால் அதனை அடைத்தல் வேண்டும். இரண்டாவது, சிறு பெட்டிக்குப் பதிலாகக் கொள்ளளவு மிக்க ஓசையடக்கியைப் பூட்டலாம். துளைகளையுடைய அகன்ற நேர்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் பொதிந்த வகையும் நன்று. புகை நேரே செல்ல, நார் ஒலியை உறிஞ்சும். மூன்றாவது, ஒரே வேகத்தில் ஓடும்போது மட்டும் வண்டிக்குள் எழும் ரீங்காரத்துக்குக் கிளைக்குழாய் ஏற்ற மருந்து. வினாடிக்கு 100 அதிர்வுடைய ஒலியைத் தணிக்கச் சாதாரண காற்றில் ஏறத்தாழ 85 சென்ரிமீற்றர் நீளம் போதும். சூடான புகையில் ஒலி விரைந்து செல்வதால் நீளம் கூடவேண்டும். எட்டு உருளைகள் இரு வரிசையாக அமைந்த இயந்திரமாயின், இரு பக்கப் புகைக்குழாய்களையும் குறுக்கே ஒரு குழாயால் இணைத்தல் துடிப்புகளைச் சமன்செய்ய உதவும்.

இவை யாவும் இடமும் பொருளும் வேண்டுவன என்பதை மறுப்பதற்கில்லை. ஓசையடக்கியைக் கழற்றுவதற்கோ ஒரு பணமும் செலவில்லை. அதன் விலையைச் செலுத்துவோர் தெருவோரத்தில் உறங்குவோர். வலிமையைத் தின்றது அமைதியன்று, நெருக்கடியான வழியே என்பதை அறிந்த பின்னரும் அந்த விலையை அவர்கள்மீது சுமத்துவது நியாயமாகாது.